ஸ்காலர்ஷிப் செக்‌ஷன்ல உட்கார்றவங்க ஒருத்தருக்கொருத்தர் கைகொடுக்க

பழைய வண்ணாரப்பேட்டையில ஒரு காலேஜ்ல ஸ்காலர்ஷிப் செக்‌ஷன் பார்க்கிறேன். காலேஜ் மாணவர் விவரம் பதியற மாநில அரசுத் தளமான யூமிஸும் (UMIS), தேசிய உதவித்தொகை போர்ட்டலும் என் சீட்டுலதான். பெரும்பாலான காலேஜ்ல இந்த வேலைக்கு ஒருத்தர், மிஞ்சிப்போனா ரெண்டு பேர். பக்கத்து மேஜைக்காரர்கிட்ட கேட்டா உதட்டைப் பிதுக்குவார். நம்ம கஷ்டம் புரியணும்னா வியாசர்பாடியிலயோ ராயபுரத்துலயோ இதே ஸ்கிரீன் முன்னாடி உட்கார்ந்திருக்கிறவங்ககிட்டதான் கேட்கணும்.

அவங்களை எங்க பிடிக்கிறது? ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையிலதான். கலெக்டர் ஆபீசுக்கு ஃபைல் கட்டோட வந்து காத்திருக்கிறவங்ககிட்ட “எந்த காலேஜ் மேடம்?”னு கேளுங்க. வேலை முடிஞ்சதும் பர்மா பஜார்ல ஒரு அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிட்டா நம்பர் தானா கைமாறும். அஞ்சாறு காலேஜ் போதும், வாட்ஸ்அப் குழு ஆரம்பிச்சிடலாம். காலேஜ்ல உதவித்தொகைக்குப் பொறுப்பான நோடல் ஆபீசர் பேராசிரியரை மட்டும் சேர்த்துட்டு விட்டுடாதீங்க. விண்ணப்பத்தை ஒவ்வொண்ணா பார்க்கிற தற்காலிக ஊழியரும் உள்ள இருக்கணும்.

புதுசா வந்தவங்க வாயே திறக்க மாட்டாங்க, “இதுகூடத் தெரியாதா”ன்னு நினைப்பாங்களோன்னு பயம். அதனால மூத்தவங்க ரெண்டு பேர்கிட்ட முன்கூட்டியே சொல்லி, சாதாரணக் கேள்விகளை அவங்களையே கேட்க வையுங்க. இருபது வருஷ சர்வீஸ்காரர் “ரினியூவல் லிஸ்ட் எந்த மெனுல இருக்கு?”ன்னு கேட்டுட்டா, அப்புறம் யாருக்கும் கூச்சம் இருக்காது.

கேட்கிற விதத்தையும் பழக்கணும். “பணம் வரலை, என்ன பண்றது?”ன்னு போட்டா பதில் வராது. காலேஜ் பொண்ணுங்களுக்கு மாசம் ஆயிரம் ரூபா தர்ற புதுமைப்பெண் திட்டத்தையே எடுத்துக்குங்க, இப்படிக் கேட்கச் சொல்லுங்க: “புதுமைப்பெண், ரெண்டாம் வருஷப் பொண்ணு. போன மாசம் வரைக்கும் ஆயிரம் ரூபா வந்துச்சு, இந்த மாசம் வரலை. மைஆதார் தளத்துல வங்கி இணைப்பு ஆக்டிவ்னு காட்டுது, ஆனா பேங்க் பேரு வேற.” கேள்வியிலேயே பாதி பதில் இருக்கு. ஆதார் வழியா போற பணம், பேங்குகளுக்கு நடுவுல பணப் பரிமாற்றத்தைப் பார்த்துக்கிற என்.பி.சி.ஐ.யில கடைசியா இணைச்ச பேங்குக்குத்தான் போகும். ஒரு ஆதாருக்கு ஒரே நேரத்துல ஒரு பேங்க்தான். அந்தப் பொண்ணு நடுவுல வேற கணக்கு ஆரம்பிச்சு, மானியத்துக்கு ஒப்புதல் கொடுத்திருப்பா. முதல்ல அந்தப் புதுக் கணக்குல பார்க்கச் சொல்லுங்க. பழைய பேங்க்தான் வேணும்னா அங்க போய் திரும்ப இணைக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கணும். பாஸ்புக்ல ஆதார் சேர்த்தாச்சுன்னு சொல்றது வேற, இந்த இணைப்பு வேற. இதை எல்லா புது ஆளுக்கும் சொல்லியே ஆகணும்.

2022 செப்டம்பர் 5-ம் தேதி புதுமைப்பெண் திட்டத்தை ஆரம்பிச்சதே நம்ம ஏரியா பாரதி மகளிர் கல்லூரியிலதான். 2024-ல பசங்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் வந்தப்புறம் பசங்களோட கணக்குப் பிரச்னையும் சேர்ந்துக்கிச்சு. ஆதார்ல ஒரு மாதிரி, பேங்க்ல ஒரு மாதிரி பேரு இருக்கும்; இனிஷியல் முன்னாடியா பின்னாடியா, அப்பா பேரு விரிஞ்சிருக்கா சுருங்கியிருக்கான்னு தமிழ்நாட்டுக்கே உரிய தலைவலி தனி.

ஸ்கிரீன்ஷாட் போடும்போது ஆதார் எண், கணக்கு எண், போட்டோ எல்லாத்தையும் வெட்டிடணும். பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் எவ்வளவு வேண்டப்பட்டவங்களா இருந்தாலும் குழுவுக்குள்ள வரவே கூடாது. இதுல தாட்சண்யம் பார்க்காதீங்க, உடனே அழிக்கச் சொல்லுங்க.

பதில் கிடைச்சதும் “நன்றி சார், சரியாயிடுச்சு”ன்னு கும்பிட்டுட்டுப் போயிடுவாங்க. எது சரிபண்ணுச்சுன்னு எழுத வைக்கிறதுதான் பெரிய வேலை. ஒரு கூகுள் ஷீட்ல சிக்கல், எந்தத் திட்டம், எப்படித் தீர்ந்தது, தேதி, இவ்வளவு போதும். போர்ட்டல்ல மெனு மாறிட்டே இருக்கும், அதனால தேதி இல்லாத குறிப்பு ஆளைத் தப்பா இழுத்துட்டுப் போகும். ஷீட் எழுதுறதை வாரம் ஒரு காலேஜ்னு சுத்தி விடுங்க. இல்லன்னா எல்லாம் தெரிஞ்ச ஒருத்தர் தலையிலயே விழும், அவரும் ஒருநாள் குழுவை மியூட்ல போட்டுடுவார்.

“கடைசி தேதி நீட்டிச்சுட்டாங்களாம்” — இந்த ‘ஆம்’ போட்ட செய்திக்கு மட்டும் தடை போடுங்க. சுற்றறிக்கையோ போர்ட்டல் அறிவிப்போ இருந்தா படத்தோட போடலாம். இல்லன்னா அதை நம்பி ஒரு காலேஜ் சரிபார்ப்பை நிறுத்தி வைக்கும், பிள்ளைங்க விண்ணப்பம் அப்படியே நிலுவையில நிக்கும்.