கொரோனா நாளறிக்கைகளின் எண்களைப் படிப்பது எப்படி?

கொரோனா காலத்தில் மாலைதோறும் வந்த நாளறிக்கைகள் இன்று ஆய்வாளர்களும் கட்டுரையாளர்களும் எடுத்தாளும் ஆவணங்களாகிவிட்டன. அவற்றைக் கையில் எடுப்பவர் எண்ணைக் குறித்துக்கொள்வதற்கு முன், அது எந்த நாளுக்கு உரியது, எந்த வரையறைப்படி எண்ணப்பட்டது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். இவை தெரியாமல் இரு நாடுகளையோ இரு மாநிலங்களையோ ஒப்பிடுவது வீண் வேலை.

முதலில் நாளைப் பார்ப்போம். இந்தியாவில் சளி மாதிரி எடுக்கும்போதே ஒருவரின் பெயர், வயது, முகவரி, கைப்பேசி எண், அறிகுறிகள் ஆகியவை ஐசிஎம்ஆர் எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் படிவத்தில் பதிவாகி, அவருக்கென ஓர் அடையாள எண் வழங்கப்பட்டது. ஆய்வகம் முடிவை அந்த எண்ணின்கீழ் ஐசிஎம்ஆர் தளத்தில் ஏற்றியது. முகவரியைக் கொண்டு அவர் எந்த மாவட்டத்தின் கணக்கில் சேர்வார் என்பது முடிவானது. தமிழக சுகாதாரத் துறை அவற்றைத் தொகுத்து மாலையில் வெளியிட்டது. மத்திய சுகாதார அமைச்சகமோ காலை 8 மணி நிலவரத்தை நாட்டின் கணக்காக அறிவித்தது. ஆகவே தமிழகத்தின் செவ்வாய் மாலை எண், மத்திய அமைச்சகத்தின் புதன் காலைக் கணக்கில்தான் இடம்பெறும். இரண்டையும் ஒரே தேதியில் வைத்தால் இல்லாத முரண்பாடு ஒன்று தோன்றிவிடும்.

நாளறிக்கையில் 'இன்று' என்பது கணக்கில் ஏறிய நாளே தவிர, நோய் தொற்றிய நாள் அல்ல. இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 தொற்றுகள், பழைய எக்செல் கோப்பு வடிவத்தின் வரிசை வரம்பால் விடுபட்டு, பின்னர் வார இறுதியில் மொத்தமாகச் சேர்க்கப்பட்டன. அந்த வார இறுதியின் எண்களை மட்டும் பார்ப்பவருக்கு நோய் திடீரென வெடித்ததாகவே படும். மாதிரி எடுத்த தேதிவாரியான பட்டியல் கிடைத்தால் அதையே பயன்படுத்த வேண்டும்; கிடைக்காவிட்டால் 7 நாள் சராசரி எடுத்துக்கொண்டால், ஞாயிற்றுக்கிழமைகளில் பரிசோதனை குறைவதால் வரும் ஏற்ற இறக்கமாவது அடங்கும்.

தொற்று எண்ணிக்கையைப் பரிசோதனை எண்ணிக்கையிலிருந்து பிரித்துப் படிக்கக் கூடாது. தமிழக அறிக்கை பரிசோதிக்கப்பட்ட மாதிரிகளையும் பரிசோதிக்கப்பட்ட நபர்களையும் தனித்தனியே காட்டியது. ஒருவரிடம் இரு முறை மாதிரி எடுத்தால் முதலாவது மட்டும் கூடும். எதை வகுத்தியாகக் கொள்கிறோமோ அதற்கேற்பத் தொற்று விகிதம், அதாவது பரிசோதித்ததில் தொற்று உறுதியானதன் பங்கு, மாறும். பரிசோதனையின் வகையும் முக்கியம். தமிழகம், வைரஸின் மரபணுப் பொருளை ஆய்வகத்தில் தேடும் ஆர்டி-பிசிஆர் முறையையே நம்பியிருந்தது. தில்லி, வைரஸின் புரதத்தைத் தேடி விரைவில் முடிவு தரும் ரேபிட் ஆன்டிஜென் சோதனையையும் பெருமளவில் செய்தது. ஆன்டிஜென் சில தொற்றுகளைத் தவறவிடும் என்பதால் இவ்விரு விகிதங்களையும் அப்படியே அருகருகே வைப்பது சரியாகாது.

'குணமடைந்தோர்' என்ற பத்தியைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். 2020 மே மாதம் திருத்தப்பட்ட விதிப்படி, லேசான அறிகுறி உள்ளவர்கள் 10 நாட்கள் கழிந்து, அதில் 3 நாட்கள் காய்ச்சலின்றி இருந்தால் மறுபரிசோதனை இல்லாமலே டிஸ்சார்ஜ் ஆனார்கள். எனவே அது நாட்களை எண்ணிப் பெற்ற எண்; சிகிச்சையில் இருப்போர் எண்ணிக்கையும் மொத்தத் தொற்றிலிருந்து அதையும் இறப்புகளையும் கழித்துப் பெற்றதுதான்.

இறப்புக் கணக்கில்தான் அதிகக் கவனம் தேவை. தமிழக அறிக்கையில் ஒவ்வோர் இறப்பும் வயது, பாலினம், மாவட்டம், இணை நோய்கள், அனுமதிக்கப்பட்ட தேதி, இறந்த தேதி, உடனடிக் காரணம் ஆகியவற்றோடு தனிப் பத்தியாக அச்சிடப்பட்டது. அந்தப் பத்திகளைப் பொறுமையாகப் படித்தால், அன்றைய எண்ணிக்கையில் சில நாட்களுக்கு முன் இறந்தவர்களும் இருப்பது தெரியும். 2020 ஜூலை 22 அன்று அறிவிக்கப்பட்ட 518 இறப்புகளில் 444, மார்ச் 1 முதல் ஜூன் 10 வரை நிகழ்ந்து, சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்ட பிறகு சேர்க்கப்பட்டவை. மீதி 74 மட்டுமே வழக்கமான அன்றாடக் கணக்கு. 2021 ஜூன் 10 அன்று நாடு முழுவதற்குமாகக் காட்டப்பட்ட 6,148 என்ற எண்ணிலும் பீகார் மறுஆய்வு செய்து சேர்த்த ஏறத்தாழ 4,000 பழைய இறப்புகள் அடங்கியுள்ளன. இத்தகைய நாட்களை 'உச்சம்' என்று எழுதிவிடக் கூடாது. விடுபட்டதைச் சேர்த்த அரசைக் குறை சொல்வதற்கும் எனக்கு மனமில்லை. சேர்க்காத அரசுகளின் வரைபடங்கள்தான் பார்க்க அழகாக இருக்கும்.

வரையறையும் இடையில் மாறும். பிரிட்டன் 2020 ஆகஸ்டில் தொற்று உறுதியான 28 நாட்களுக்குள் நிகழும் இறப்பு என்று வரம்பு வைத்தபோது, அதன் மொத்தக் கணக்கில் 5,000க்கும் மேற்பட்ட இறப்புகள் ஒரே நாளில் குறைந்தன. இந்தியாவில் 2021 செப்டம்பரில் வந்த வழிகாட்டுதல் 30 நாட்களை எல்லையாக வைத்ததோடு, தொடர்ந்து மருத்துவமனையில் இருந்து அதற்குப் பின் இறந்தவர்களையும் சேர்த்தது.

பரிசோதனையே செய்யாமல் வீட்டில் இறந்தவர்கள் இந்த நாளறிக்கைகளில் இல்லை. அவர்களையும் உள்ளடக்கி மதிப்பிட, முந்தைய ஆண்டுகளின் அதே மாதங்களில் பதிவான மொத்த இறப்புகளின் சராசரியை எடுத்து, பெருந்தொற்று மாதத்தின் மொத்தத்திலிருந்து கழிக்க வேண்டும். இதை மிகை இறப்பு என்பார்கள். 2021 இறுதிவரை இந்தியாவின் அதிகாரபூர்வக் கணக்கு சுமார் 4.8 லட்சமாக இருக்க, உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதத்தில் இம்முறையில் 47 லட்சம் என மதிப்பிட்டது. அதன் கணித மாதிரியை இந்திய அரசு ஏற்கவில்லை. இக்கணக்கை நாமே போடுவதானால், இறப்பைப் பதிவுசெய்ய 21 நாட்கள் அவகாசம் உண்டு, அதற்குப் பின்னும் தாமதக் கட்டணத்துடன் பதியலாம் என்பதால், அந்தந்த மாதம் முடிந்த உடனே எடுத்த பதிவு எண்ணிக்கையைத் தவிர்க்க வேண்டும். இறப்பு, நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகும். நாளறிக்கையோ இறந்தவரின் சொந்த மாவட்டத்தைக் காட்டும். வெளி மாவட்டங்களிலிருந்து சிகிச்சைக்கு வந்து இறந்தவர்களும் சென்னையின் பதிவேட்டில் இருப்பார்கள் என்பதால், சென்னையை மட்டும் எடுக்காமல் மாநிலம் முழுவதற்கும் சேர்த்தே இக்கணக்கைப் போட வேண்டும்.