கடைக் கழிவுநீரைப் பாதாள சாக்கடையில் விடலாமா? சேலத்துச் சிறுதொழில் செய்வோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

சேலத்தில் புதிதாக மெஸ், பேக்கரி, வாகனப் பட்டறை, வெள்ளிப் பட்டறை என எதைத் தொடங்குபவரும் மின் இணைப்பையும் உரிமத்தையும் பற்றி விசாரிக்கும் அளவுக்குத் தம் கழிவுநீரைப் பற்றி விசாரிப்பதில்லை. பாதாள சாக்கடை இணைப்புக்கு மாநகராட்சியில் பணம் கட்டிவிட்டால் அந்தக் குழாயில் எதை வேண்டுமானாலும் விடலாம் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. பாதாள சாக்கடை நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கே அழுக்கைத் தின்று நீரைத் தெளியவைப்பவை உயிருள்ள நுண்ணுயிரிகள். சோறும் மலமும் அவற்றுக்கு உணவு. அமிலமும் செம்பும் சயனைடும் அவற்றைக் கொன்றுவிடும், எண்ணெய் அவற்றுக்குக் காற்று கிடைக்காமல் செய்துவிடும். கீழே சொல்லும் விதிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்திலிருந்து பிறந்தவை. மிச்சமுள்ளவை, அடைப்பு எடுக்க வருகிற மனிதரின் உயிருக்காக ஏற்பட்டவை.

படி 1: உங்கள் குழாய் எங்கே போய்ச் சேருகிறது?

வீட்டு வாசலில் ஓடும் மழைநீர் வடிகாலும் தெருவுக்கு அடியில் செல்லும் பாதாள சாக்கடையும் வேறு வேறு. குகை, அம்மாப்பேட்டை போன்ற பழைய பகுதிகளில் முன்பக்கத்துக் குழாய் ஒன்றிலும் பின்பக்கத்துக் குழாய் மற்றொன்றிலும் சேர்ந்திருக்க வாய்ப்புண்டு. ஒரு வாளி நீரில் ஒரு கரண்டி கேசரிப் பவுடரைக் கரைத்துக் கழுவுதொட்டியில் ஊற்றுங்கள். உங்கள் மனைக்குள் இருக்கும் ஆய்வுத் தொட்டியின் மூடியைக் கொக்கியால் நகர்த்தி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு பார்த்தால், சில நிமிடங்களில் ஆரஞ்சு நிற நீர் அங்கே வர வேண்டும். அங்கே வராமல் வாசல் வடிகாலில் வந்தால், உங்கள் அழுக்கு ஏதோ ஓர் ஓடையில் நேராக இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். தெருவில் உள்ள ஆள்நுழைவுத் தொட்டியை நீங்கள் திறக்கவே கூடாது. அது மாநகராட்சியின் பணி.

இந்த வேறுபாடு சட்டத்திலும் உண்டு. சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகள், 1986-இன் ஆறாம் அட்டவணை, பொதுச் சாக்கடைக்குத் தனி வரம்பும் ஆறு, ஓடை, ஏரிகளுக்குத் தனி வரம்பும் வகுத்திருக்கிறது. நீரில் கரையாமல் கலங்கி நிற்கும் திடப்பொருள் சாக்கடையில் லிட்டருக்கு 600 மில்லிகிராம் வரை இருக்கலாம், ஓடையில் 100 வரைதான். பி.ஓ.டி. என்பது நீரில் உள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிரிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு; 27 பாகை செல்சியஸில் 3 நாள் வைத்து அளக்கும் அது சாக்கடையில் 350, ஓடையில் 30. எண்ணெயும் கிரீஸும் சாக்கடையில் 20, ஓடையில் 10. சாக்கடை வழியே போகும் நீர் உயிரியல் முறையிலான இரண்டாம் நிலைச் சுத்திகரிப்புக்குச் சென்றால் மட்டுமே இந்தத் தளர்வு பொருந்தும், இல்லையேல் ஓடைக்குரிய வரம்புதான் பொருந்தும் என்று அதே அட்டவணை கூறுகிறது. சேர்வராயன் மலையில் மஞ்சவாடிப் பக்கம் பிறந்து நம் ஊருக்குள் ஓடிப் பின் காவிரியில் கலக்கும் திருமணிமுத்தாறு இன்று இருக்கும் நிலையைப் பார்த்த எவருக்கும், இந்த இரண்டாவது வரம்பு ஏன் இவ்வளவு கடுமையானது என்பதை விளக்க வேண்டியதில்லை.

படி 2: நீரை வகைவாரியாக எழுதுங்கள்

கடையில் குழாய் குழாயாக நடந்து, ஒவ்வொன்றிலிருந்தும் என்ன நீர் வெளியேறுகிறது, மணிக்கு எத்தனை வாளி, சூடா குளிரா, எண்ணெய் உண்டா, மருந்து அல்லது அமிலம் உண்டா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கூரை மழைநீரைப் பாதாள சாக்கடையில் விடக்கூடாது; கோடைமழை ஒரு மணி நேரம் கொட்டினால் கழிவுநீருக்கென்று அமைத்த குழாய் நிரம்பித் தெருவிலும் தாழ்வான வீடுகளின் கழிப்பறைகளிலும் பொங்கிவிடும்.

படி 3: எந்த அளவிலும் விடக்கூடாதவற்றை நீக்குங்கள்

பெட்ரோல், டீசல், தின்னர் ஆகியவை குழாய்க்குள் ஆவியாகித் தீப்பிடிக்கக்கூடியவை. கழித்த இன்ஜின் ஆயிலை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுக்க வேண்டும். சிமெண்ட் கரைசலும் கிரானைட் அறுத்த சேறும் குழாயின் அடியில் கல்லாக இறுகும். கோழி இறகு, குடல், மாட்டுச் சாணம், நாப்கின், டயப்பர், துணி எதுவும் கூடாது. கழிப்பறை அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றும் பழக்கத்தை உடனே நிறுத்துங்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு எழும்.

படி 4: மெஸ், ஓட்டல் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது

நம் ஊர்ச் சாக்கடை அடைப்புகளுக்குப் பெரும் காரணம் எண்ணெய்தான் என்பது என் உறுதியான கருத்து. சூடாக இருக்கும்போது நீரோடு ஓடும் எண்ணெயும் நெய்யும் வனஸ்பதியும் குழாய்க்குள் ஆறியதும் சோப்போடு சேர்ந்து வெள்ளைக் கட்டியாகச் சுவரில் படிகின்றன. அதன் மேல் சோற்றுப் பருக்கை, பிறகு தேயிலைத் தூள் என்று அடுக்கடுக்காக ஏறிக் குழாயின் வாய் சுருங்கிக்கொண்டே வரும்.

ஆகவே முதலில் எச்சில் பாத்திரங்களை வழித்தெடுத்த பிறகே கழுவச் சொல்லுங்கள். கழுவுதொட்டியின் வாயில் கம்பிவலைக் கூடை ஒன்றைப் பொருத்துங்கள். கஞ்சியையும் அரிசி கழுவிய நீரையும் சாக்கடையில் விட வேண்டாம். அவற்றில் உள்ள மாவுச்சத்து பி.ஓ.டி.யை வெகுவாக உயர்த்தும், ஆனால் மாடு வளர்ப்பவர் யாரேனும் அக்கம்பக்கத்தில் இருந்தால் கழுநீர்ப் பானையை நாள்தோறும் அவரே வந்து எடுத்துச் செல்வார். பொரித்த எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் (எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது உண்டாகும் சிதைவுப் பொருள்கள்) 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்பது 2018 ஜூலை முதல் நடப்பில் உள்ள உணவுப் பாதுகாப்பு விதி. அந்த எண்ணெயைத் தகரத்தில் சேர்த்து, பயோடீசலுக்காகச் சேகரிக்கும் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துக்கு விற்கலாம்.

அடுத்து கிரீஸ் டிராப், அதாவது கழுவிய நீரிலிருந்து எண்ணெயைப் பிரித்து நிறுத்தும் தொட்டி. உச்ச நேரத்தில் உங்கள் கழுவுதொட்டிகளிலிருந்து மணிக்கு 600 லிட்டர் நீர் வெளியேறுவதாக வைத்துக்கொள்வோம். எண்ணெய் பிரிந்து மேலே மிதக்க அரை மணி நேரம் கொடுத்தால், 300 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டி வேண்டும். அதை நடுவே ஒரு தடுப்பு வைத்து இரண்டு அறையாகக் கட்டுங்கள். வெளியேறும் குழாயை ‘டி’ வடிவில் அமைத்து அதன் கீழ்வாய் தொட்டியின் அடிப்பகுதியை நோக்கி இறங்கியிருக்கச் செய்தால், மேலே மிதக்கும் எண்ணெய் உள்ளேயே நின்று, இடையில் உள்ள தெளிந்த நீர் மட்டும் வெளியேறும். கழிப்பறைக் குழாயை இதில் சேர்க்கக்கூடாது. மேலே நிற்கும் எண்ணெயும் அடியில் தங்கும் வண்டலும் சேர்ந்து நீர் ஆழத்தில் கால் பங்கை எட்டியதும் வழித்தெடுத்துவிட வேண்டும்; தாமதித்தால் தொட்டி இருந்தும் பயனில்லை. கொதிநீரை ஊற்றி எண்ணெயைக் கரைத்து அனுப்புவது, அடைப்பை உங்கள் வாசலிலிருந்து அடுத்த வீட்டு வாசலுக்குத் தள்ளுவதாகும்.

படி 5: வெள்ளிப் பட்டறைகளும் முலாம் கூடங்களும்

செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் பனங்காட்டிலும் கொலுசு செய்யும் வீடுகளில் தரையைப் பெருக்கிய தூசியைக்கூட அதில் உள்ள வெள்ளிக்காகச் சேர்த்து வைப்பார்கள். அதே கவனத்தை நீரிலும் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன். அமிலத்தில் போட்டெடுத்த கொலுசை அலசும் நீரில் செம்பும் துத்தநாகமும் கரைந்திருக்கும். பொதுச் சாக்கடைக்கு விடும் நீரில் பி.எச். (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 5.5-க்கும் 9-க்கும் இடையில் இருக்க வேண்டும். லிட்டருக்குச் செம்பு 3 மில்லிகிராம், நிக்கல் 3, துத்தநாகம் 15, ஈயம் 1, சயனைடு 2 என்பவை உச்ச வரம்பு.

அலசும் நீரை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் சேர்த்து, சுண்ணாம்புக் கரைசலைச் சிறிது சிறிதாகவே ஊற்றிக் கலக்கி, பி.எச். தாளை நனைத்துப் பாருங்கள். 9-ஐ நெருங்கும்போது கரைந்திருந்த செம்பு நீலப்பச்சைக் கூழாகத் திரண்டு அடியில் இறங்கத் தொடங்கும். அந்தக் கூழ் அபாயகரக் கழிவு என்பதால், அதைக் குப்பைத்தொட்டியில் போடாமல் உலர்த்தி, அதைக் கையாள அனுமதி பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும்.

சயனைடு கலந்த முலாம் கரைசல் பயன்படுத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை. அந்த நீரும் அமில நீரும் ஒரே குழாயிலோ ஒரே தொட்டியிலோ சேரக்கூடாது. சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு என்னும் உயிர்க்கொல்லி வாயு அந்த இடத்திலேயே உண்டாகும். இரண்டு பட்டறைகள் தனித்தனியே விட்டாலும் தெருக்குழாயில் அவை சந்திக்கும். சயனைடை முறிக்கும் பணியை வேதியியல் பயின்றவர் இல்லாமல் நீங்களே செய்து பார்க்க வேண்டாம்.

சாயப்பட்டறைக்கு இந்தப் படி போதாது. சாயத்தோடு வரும் உப்பை நகரச் சுத்திகரிப்பு நிலையத்தால் நீக்க முடியாது.

படி 6: இசைவாணையும் மாதிரிப் பரிசோதனையும்

நீர் (மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 1974-இன் 25-ஆம் பிரிவின்படி, தொழிற்கழிவுநீரை ஓடையிலோ நிலத்திலோ மட்டுமன்றிச் சாக்கடையில் விடுவதற்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முன் இசைவு தேவை. மாநகராட்சி இணைப்பு ரசீது அதற்கு ஈடாகாது. மாசின் அளவைப் பொறுத்துத் தொழில்களுக்கு வாரியம் வகுத்துள்ள நிற வகைகளில் உங்கள் தொழில் எதில் வருகிறது என்பதை வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டறிந்து, முதலில் நிறுவுவதற்கும் பிறகு இயக்குவதற்கும் விண்ணப்பியுங்கள். மாதிரியை, பட்டறை நீர் கழிப்பறை நீரோடு கலப்பதற்கு முந்தைய இடத்திலிருந்து எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். போர்வெல் நீரைச் சேர்த்து அளவைக் குறைத்துக் காட்டுவது முறைகேடு. நீர் பெருகினாலும் குழாயில் போகும் செம்பின் எடை குறைவதில்லை.

படி 7: அடைப்பு ஏற்பட்டால்

இதற்கென ஆளை அழைத்துப் பாதுகாப்புக் கருவிகள் இன்றித் தொட்டிக்குள் இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு அடர்த்தியாக இருக்கும்போது மூக்கின் மணமறியும் திறனையே மரத்துப்போகச் செய்வதால், நாற்றம் இல்லை என்று நம்பி இறங்கியவர்கள் இறந்திருக்கிறார்கள். சாக்கடையில் இறங்கி உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மாநகராட்சிக்கோ 14420 என்ற எண்ணுக்கோ தெரிவித்து இயந்திரத்தை வரவழையுங்கள். வண்டி வரும்வரை கடையின் குழாய்களை மூடி வைத்து, படி 2-இல் எழுதிய தாளை வருகிற பணியாளரிடம் காட்டி, குழாயில் அமிலமோ வேறு மருந்தோ போயிருக்கக்கூடுமா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.