விபத்தில் சேதமான வண்டிக்கும் சொத்துக்கும் இழப்பீடு பெறுவது எப்படி?

ஒரு வாகனத்தால் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுகட்டும் மூன்றாம் நபர் காப்பீடு உயிரிழப்புக்கும் உடற்காயத்துக்கும் மட்டுமே உதவும் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. பிறருடைய வாகனம் மோதி உங்கள் கார் நசுங்கினாலும், மதில் சுவர் இடிந்தாலும், கடையின் ஷட்டர் வளைந்தாலும், கட்டியிருந்த மாடு செத்தாலும், அந்த வாகனத்தின் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து இழப்பீடு கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. யாருக்கும் அடிபடாத விபத்துகளில் பெரும்பாலோர் இந்த வழியை நினைத்துப் பார்ப்பதே இல்லை; தெருவிலேயே ஒரு தொகையை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

அந்தத் தெருவோரப் பேரத்தைத்தான் முதலில் தவிர்க்க வேண்டும். பம்பர் லேசாகப் பிளந்தது போலத் தெரியும். ஒர்க்‌ஷாப்பில் கழற்றிப் பார்த்தால் ரேடியேட்டரும் அதைத் தாங்கும் ஃபிரேமும் வளைந்திருக்கும். ஐயாயிரம் ரூபாயை வாங்கிக்கொண்டு, 'மேல்நடவடிக்கை தேவையில்லை' என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால், பின்னால் நீங்கள் எங்கே போய்க் கேட்டாலும் அந்தக் காகிதத்தைத்தான் உங்கள் முன் நீட்டுவார்கள்.

வண்டிகளை நகர்த்துவதற்கு முன், இரண்டு வாகனங்களின் எண் பலகையும், அவை நின்ற கோணமும், சாலையில் பதிந்த டயர் தடமும் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கடைகளின் கேமராக்களில் பழைய பதிவு சில நாள்களிலேயே அழிந்து புதியது ஏறிவிடும் என்பதால், அன்றைக்கே போய்க் கேட்டு ஒரு நகல் வாங்கிவிட வேண்டும். எதிர்த்தரப்பு ஓட்டுநரின் உரிமம், ஆர்.சி., காப்பீட்டுச் சான்று ஆகிய மூன்றையும் படம் எடுப்பது நல்லது. அவர் காட்ட மறுத்தால் கவலைப்படத் தேவையில்லை. பதிவெண் இருந்தால் போதும், அரசின் பரிவாகன் தளத்திலோ எம்பரிவாகன் செயலியிலோ காப்பீட்டு நிறுவனத்தின் பெயரையும் பாலிசி நடப்பில் உள்ளதா என்பதையும் பார்த்துவிடலாம்.

அடுத்தது காவல் நிலையம். பொருட்சேதம் மட்டும் நேர்ந்த விபத்து என்றால், பல நிலையங்களில் எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) பதியாமல், புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவது வழக்கம். சொந்தக் காப்பீட்டில் கோருவதற்குப் பெரும்பாலும் அது போதும். எதிர்த்தரப்பிடம் கோருவதானால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதையில், கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுவதைப் பற்றிய 281ஆம் பிரிவின்கீழ் முதல் தகவல் அறிக்கை பதியப்படுவது உங்கள் கையை வலுப்படுத்தும். அது இல்லையென்றால், அந்த வண்டி விபத்தில் சம்பந்தப்பட்டதையே நீங்கள் தனியாக நிரூபிக்க வேண்டியிருக்கும். நிலையத்தில் பதிய மறுத்தால், புகாரை எழுத்தில் காவல் கண்காணிப்பாளருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பலாம். வழக்குப் பதிவாகிவிட்டால், மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்து அறிக்கை தரும்வரை ஒர்க்‌ஷாப்பில் எதையும் பிரிக்க விடாதீர்கள்.

இதற்குப் பின் வழி இரண்டாகப் பிரிகிறது: உங்கள் சொந்தப் பாலிசியில் கோருவது ஒன்று, மோதியவரின் பாலிசியில் கோருவது மற்றொன்று.

உங்களிடம் முழுமையான, அதாவது உங்கள் வண்டியின் சேதத்தையும் ஏற்கும் காம்ப்ரிஹென்சிவ் பாலிசி இருந்து, சேதம் நடுத்தர அளவில் இருந்தால், என் கருத்தில் முதல் வழியே விவேகமானது. தவறு யாருடையது என்று நிரூபிக்க வேண்டியதில்லை; சில வாரங்களிலேயே பணம் வந்துவிடும். உடனே நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்து, சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்வையிட்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். வேலை நடக்கும்போது புதிதாக ஏதேனும் சேதம் தெரிந்தால், மறுபடியும் சர்வேயரிடம் காட்டி ஒப்புதல் பெறுங்கள். பின்னால் பில்லில் சேர்த்தால் வெட்டிவிடுவார்கள்.

பில் முழுவதும் கிடைக்காது என்பதை முன்னரே தெரிந்துகொண்டால் ஏமாற்றம் குறையும். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கும் டயர், பேட்டரிக்கும் 50 சதவீதம், ஃபைபர் கிளாஸ் பாகங்களுக்கு 30 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு ஏறும்: ஆறு மாதம் வரை எதுவுமில்லை, நான்கிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 35 சதவீதம், பத்தாண்டைத் தாண்டினால் 50 சதவீதம். நான்கரை ஆண்டு ஓடிய, 1,200 சி.சி. கார் ஒன்றுக்குப் பம்பர் 12,000, கதவு 20,000, பெயின்ட் வேலை 16,000, கூலி 8,000 என்று மொத்தம் 56,000 ரூபாய் பில் வந்ததாக, வரியை விட்டுவிட்டு, வைத்துக்கொள்வோம். பம்பரில் 6,000, கதவில் 7,000 போகும். பெயின்ட் பில்லில் கால் பங்கைப் பொருள் விலையாகக் கொண்டு அதில் பாதியைக் கழிப்பதால் 2,000 போகும். 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு உரிமையாளர் ஏற்க வேண்டிய கட்டாயப் பங்கு 1,000. ஆக 40,000 ரூபாய் வரும், 16,000 உங்கள் பாக்கெட்டிலிருந்து போகும். பாலிசியில் ஜீரோ டெப் என்ற கூடுதல் பாதுகாப்பைச் சேர்த்திருந்தால் தேய்மானக் கழிவு இருக்காது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஐந்து ஆண்டுகள் கிளெய்ம் இல்லாமல் ஓட்டியவருக்கு, சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் வரை நோ கிளெய்ம் போனஸ் கிடைக்கும். ஒரு கிளெய்ம் செய்தால் அது பூஜ்ஜியத்துக்கு இறங்கி, மறுபடியும் 20 சதவீதத்திலிருந்து ஏற வேண்டும். சின்னக் கீறலுக்குக் கோரினால், வருகிற தொகையைவிட அடுத்த சில ஆண்டுகளில் இழக்கும் தள்ளுபடி அதிகமாகிவிடும். மறுபுறம், பழுது பார்க்கும் செலவு ஐ.டி.வி., அதாவது பாலிசியில் வண்டிக்குக் குறிக்கப்பட்ட மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், வண்டியை முழு இழப்பாகக் கொண்டு தீர்ப்பார்கள்.

நிறுவனம் நியாயமின்றி மறுத்தாலோ குறைத்தாலோ, முதலில் அதன் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் திருப்தியான பதில் வராவிட்டால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஆனால் அந்தக் கதவு பாலிசிதாரருக்கு மட்டுமே திறக்கும். எதிராளியின் நிறுவனத்தைப் பற்றி நீங்கள் அங்கே முறையிட முடியாது.

இரண்டாவது வழி மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். உங்களிடம் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தாலோ, சேதமானது வீடு, கடை போன்ற காப்பீடில்லாத சொத்தாக இருந்தாலோ, உங்களுக்குக் காயமும் ஏற்பட்டிருந்தாலோ இதுவே உரிய இடம். விபத்து நடந்த இடம், நீங்கள் வசிக்கும் இடம், எதிர்த்தரப்பு வசிக்கும் இடம் ஆகியவற்றில் எந்த எல்லைக்குட்பட்ட தீர்ப்பாயத்திலும் மனு செய்யலாம். சொத்துச் சேதம் 2,000 ரூபாய்க்கு மேல் இருந்தால், தீர்ப்பாயத்துக்குப் பதிலாக உரிமையியல் நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அப்படிச் செய்ய நல்ல காரணம் அரிதாகவே இருக்கும். விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும் என்ற கெடு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மீண்டும் வந்து, 2022 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. ஆகவே பேச்சுவார்த்தையில் நாளைக் கடத்த வேண்டாம்.

எதிர்த்தரப்பு வாகனம் கார் அல்லது லாரியாக இருந்தால் அதன் நிறுவனம் 7.5 லட்சம் ரூபாய் வரையும், இருசக்கர வாகனமாக இருந்தால் 1 லட்சம் வரையும் சொத்துச் சேதத்துக்குப் பொறுப்பேற்கும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: சிலர் பிரீமியத்தில் ஒரு சிறு தொகையை மிச்சப்படுத்த இந்தப் பொறுப்பை 6,000 ரூபாயாகக் குறைத்து எடுத்திருப்பார்கள். அப்போது மீதியை உரிமையாளரிடமிருந்தே வசூலிக்க வேண்டியிருக்கும் என்பதால், ஓட்டுநர், உரிமையாளர், நிறுவனம் மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்ப்பது அவசியம்.

நிரூபிக்கும் சுமை இங்கே உங்களுடையது. பழுது பார்ப்பதற்கு முன்பே எதிராளியின் நிறுவனத்துக்கு ஸ்பீடு போஸ்டில் எழுதி, வண்டி நிற்கும் ஒர்க்‌ஷாப்பின் முகவரியைத் தந்து, வந்து பார்வையிடும்படி கேளுங்கள். வராவிட்டால், மதிப்பீடு மிகை என்று பின்னால் அவர்கள் வாதிடும்போது அந்தக் கடிதம் உங்களுக்குத் துணை நிற்கும். உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரைச் சொந்தச் செலவில் அமர்த்தி மதிப்பீடு பெறுவது வீண் செலவல்ல. வெறும் பில்லை நீட்டினால் போதாது. அதைத் தயாரித்தவர் வந்து சாட்சி சொல்ல வேண்டிவரலாம். சுவர் என்றால் பொறியாளரின் மதிப்பீடும் சொத்து வரி ரசீதும் வேண்டும். விபத்தில் உங்கள் கவனக்குறைவும் இருந்ததாகத் தீர்ப்பாயம் கண்டால், அந்த விகிதத்துக்குத் தொகை குறையும்.

ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்க முடியாது. சொந்த நிறுவனத்திடம் 40,000 பெற்றுக்கொண்டு, எஞ்சிய 16,000 ரூபாயை எதிராளியிடம் கேட்கும் எண்ணம் இருந்தால், 'முழுமையான, இறுதியான தீர்வு' என்ற வாசகமுள்ள ரசீதில் கையெழுத்திடும் முன் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள்.

மோதிவிட்டு ஓடிய வண்டி எது என்றே தெரியாவிட்டால், சட்டம் சொத்துச் சேதத்துக்கு எதுவும் தருவதில்லை. அடையாளம் தெரியாத வாகனங்களுக்கான அரசுத் திட்டம் உயிரிழப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் மட்டுமே தருகிறது. அந்நிலையில் சொந்தப் பாலிசியே கதி.

தொகை சிறியதென்றால், மக்கள் நீதிமன்றத்தில் சமரசத்துக்கு மனுவை அனுப்பும்படி கேட்கலாம். விரைவில் முடியும், ஆனால் அதன்மேல் அப்பீல் கிடையாது. தீர்ப்பாயத்தின் உத்தரவு வந்தால் முப்பது நாளுக்குள் தொகையைச் செலுத்தியாக வேண்டும். செலுத்தாவிட்டால், தீர்ப்பாயத்திடம் சான்றிதழ் பெற்று, மாவட்ட ஆட்சியர் மூலம் நிலவரிப் பாக்கியைப் போல அதை வசூலிக்கலாம்.