வார்சாவைப் பார்க்க வருபவர்கள் செய்யும் தவறுகள்

ஏழு வருடமாகப் போலந்தின் தலைநகர் வார்சாவில் இருக்கிறேன். வருடத்துக்கு நான்கைந்து பேராவது வந்து என் வீட்டில் தங்குவார்கள். நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள், சித்தப்பா மகன், மனைவி வழி உறவுகள். எல்லோரையும் நான்தான் அழைத்துக்கொண்டு சுற்றுவேன். முதல் தடவை நான் எங்கெங்கே சறுக்கினேனோ, அதே இடங்களில் அவர்களும் சறுக்குவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டிராம் டிக்கெட்டில் முத்திரை அடிக்க மறப்பது, கடையில் யூரோவை நீட்டுவது, ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கப் போய்ப் பூட்டிய கதவைப் பார்ப்பது, இதையெல்லாம் எந்தப் பயணக் கையேடும் சொல்லிவிடும். நான் சொல்ல வந்தது வேறு.

"எல்லாம் டூப்ளிகேட்தானே?" என்று திரும்பிவிடுவது

போன கோடையில் சித்தப்பா மகன் வந்திருந்தான். பழைய நகரச் சந்தைச் சதுக்கத்தில், கடல்கன்னி சிலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போனில் எதையோ படித்தான். "அண்ணா, இதெல்லாம் 1953ல கட்டினதாமே? அப்போ டூப்ளிகேட்தானே? பேசாம கிராகோவுக்கே போயிருக்கலாம்" என்றான். கிராகோவ் போரில் அதிகம் அடிபடாமல் தப்பிய இன்னொரு பழைய போலந்து நகரம்.

எனக்குச் சுருக்கென்றது. அலுவலக வேலையாக முதல் தடவை இங்கே வந்தபோது, அதே சதுக்கத்தில் நின்று நானும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னேன். யாரோ என்னை ஏமாற்றிவிட்ட மாதிரி ஒரு கோபம். பக்கத்தில் இருந்த அரச அரண்மனைக்குள் கால் வைக்கவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு ரயில் ஏறிவிட்டேன். அன்று எதைப் பார்க்காமல் போனேன் என்பது இங்கே குடிவந்த பிறகுதான் புரிந்தது. வேலை கிடைத்து இங்கேயே வந்து சேர்ந்ததால் எனக்கு அதைச் சரிசெய்துகொள்ள முடிந்தது. லட்சக்கணக்கில் செலவு செய்து ஒரே ஒரு தடவை ஐரோப்பாவுக்கு வருகிறவருக்கு அந்த வாய்ப்பு கிடையாது. இத்தனை பேருக்குச் சொல்லியும் இதே வார்த்தை மறுபடி காதில் விழும்போது எரிச்சல் வரத்தான் செய்கிறது.

நடந்தது இதுதான். 1944 ஆகஸ்ட் 1 அன்று வார்சா மக்கள் ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்து எழுந்தார்கள். 63 நாள் போராடித் தோற்றார்கள். பெரும்பாலான கணக்குகளின்படி, இறந்த பொதுமக்கள் ஒன்றரை லட்சம் முதல் இரண்டு லட்சம் பேர். மிச்சமிருந்தவர்களை ஜெர்மானியர்கள் ஊரைவிட்டே வெளியேற்றினார்கள். அதற்கு அப்புறம் ஆள் இல்லாத ஊரில் வீடு வீடாகத் தீ வைத்தார்கள். நூலகங்களை எரித்தார்கள். அரண்மனையை எழுச்சி நடந்துகொண்டிருந்த செப்டம்பரிலேயே வெடி வைத்துத் தகர்த்திருந்தார்கள். ஊரை எரித்தது சண்டையெல்லாம் முடிந்தபின், திட்டம் போட்டுச் செய்த வேலை. 1945 ஜனவரியில் நகரத்தின் நடுவே ஓடும் விஸ்துலா ஆற்றின் இடதுகரையில் ஏறக்குறைய 85 சதவீதம் இடிபாடு.

தலைநகரையே வேறு ஊருக்கு மாற்றிவிடலாமா என்ற பேச்சும் அப்போது இருந்தது. ஆனால் மக்கள் திரும்பி வந்து அந்தக் கற்குவியலுக்குள்ளேயே குடியேறினார்கள். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். போருக்கு முன்பே பாலிடெக்னிக்கின் கட்டடக்கலை மாணவர்கள் பழைய கட்டடங்களை அளந்து வரைபடம் போட்டிருந்தார்கள். ஆக்கிரமிப்புக் காலத்திலும் அந்த வேலை ரகசியமாகத் தொடர்ந்தது. எழுச்சி தோற்ற பிறகு யான் ஸாக்வதோவிச் என்ற பேராசிரியரும் கூட இருந்தவர்களும் அந்த வரைபடங்களை வெளியே கடத்தி, பியோட்ர்கோவ் ஊர் மடாலயத்தில் ஒளித்து வைத்தார்கள். ஊர் திரும்பக் கிடைக்குமா என்றே தெரியாத நேரத்தில் அதன் அளவுகளைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இதைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அந்த வரைபடங்களும், 18ஆம் நூற்றாண்டில் அரசவை ஓவியராக இருந்த பெல்லோத்தோவின் நகரக் காட்சிகளும் மறுகட்டுமானத்துக்கு உதவின. ஆனால் எழுப்பியது 1939இல் இருந்த தெருவை அப்படியே அல்ல. பிற்காலத்தில் நெருக்கிக் கட்டிய பின்கட்டுகளை விட்டுவிட்டு, வெளிச்சம் வர முற்றங்களைத் திறந்துவிட்டார்கள். முகப்பு 17, 18ஆம் நூற்றாண்டுச் சாயல். உள்ளே குளியலறையோடு குடும்பங்கள் வாழும் வீடு. சுவர்ச் சித்திரங்கள் பலவும் 1953இன் கலைஞர்கள் வரைந்தவை. 1980இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இதைச் சேர்த்தபோது, அந்த மறுகட்டுமானத்தையே காரணமாகக் காட்டினார்கள். இதற்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. வார்சாவுக்குச் செங்கல் வேண்டும் என்று விராட்ஸ்வாஃப் போன்ற மேற்குப் போலந்து ஊர்களில், பழுதுபார்த்திருக்கக்கூடிய பழைய கட்டடங்களையும் இடித்தார்கள். அந்த ஊர்க்காரர்களிடம் பேசினால் இன்றும் வருத்தம் தெரியும்.

சரி, எப்படிப் பார்ப்பது? பழைய நகரத்துக்கு முதலில் போகாதீர்கள். முதல் நாள் காலை எழுச்சி அருங்காட்சியகம். 1945இன் இடிபாட்டுக்கு மேலே விமானத்தில் பறப்பது போன்ற ஐந்து நிமிடப் படம் அங்கே ஓடும். அதைக் கட்டாயம் பாருங்கள். அப்புறம் அரண்மனை. பெல்லோத்தோவின் ஓவியங்கள் அங்கேதான் மாட்டியிருக்கின்றன. அவற்றின் முன் அரை மணி நேரமாவது நில்லுங்கள். அரண்மனையை மறுபடி கட்டத் தொடங்கியது 1971இல், மக்கள் கொடுத்த நன்கொடையில். கோபுரக் கடிகாரம் 1939 செப்டம்பர் 17 குண்டுவீச்சில் 11:15க்கு நின்றது. 1974இல் அதே 11:15க்குத்தான் மறுபடி ஓடவிட்டார்கள்.

அதன் பிறகு தெருவில் இறங்கினால் கண் வேறு மாதிரி வேலை செய்யும். அரண்மனை ஓரத்தில் புல்தரையில் கிடக்கும் உடைந்த கல்தூண்களைப் பார்த்து நிற்பீர்கள். சதுக்கத்தில் நிற்கும் சிக்மண்ட் மன்னர் தூணின் பழைய உடல்கள் அவை. 1944 செப்டம்பரில் தூண் சாய்ந்தது, 1949இல் புதுத் தூண் மேல் மன்னரின் சிலை ஏறியது. செயின்ட் ஜான் பேராலயத்தின் வெளிச்சுவரில், வெடிமருந்து ஏற்றி அனுப்பிய ஜெர்மானிய வண்டியின் இரும்புச் சங்கிலிப் பட்டை பதித்திருக்கும். பாதிப் பேர் அதைத் தாண்டியே போய்விடுகிறார்கள்.

சித்தப்பா மகனை மறுநாள் இந்த வரிசையில் அழைத்துப் போனேன். அந்தச் சங்கிலியை ரொம்ப நேரம் தொட்டுக்கொண்டே நின்றான். கிராகோவ் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.

இரண்டு எழுச்சிகளையும் ஒன்றாக்கிப் பேசுவது

1943 ஏப்ரல் 19இல் தொடங்கியது யூதர்களின் கெட்டோ எழுச்சி. 1944 ஆகஸ்டில் நடந்தது நகரம் தழுவிய வார்சா எழுச்சி. இரண்டும் வேறு வேறு. கெட்டோ என்பது யூதர்களுக்கென்று ஜெர்மானியர்கள் மதில் எழுப்பிப் பிரித்த பகுதி. அதற்குள் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அடைத்து வைத்தார்கள். 1942 கோடையில் அவர்களில் பெரும்பாலோரை திரெப்ளின்கா கொலைமுகாமுக்கு ரயிலில் அனுப்பினார்கள். மிச்சமிருந்தவர்கள் கையில் கிடைத்த ஆயுதத்தோடு எதிர்த்தார்கள்; ஜெர்மானியர்கள் அந்தப் பகுதியையே தரைமட்டமாக்கினார்கள். போலந்துக்காரர் ஒருவரிடம் இரண்டையும் குழப்பிப் பேசினால் அவர் முகம் மாறும். மாறுவதில் நியாயம் இருக்கிறது.

முரானோவைத் தாண்டிப் போவது

குடிவந்த புதிதில் நான் வாடகைக்கு இருந்தது முரானோவ் என்ற பகுதியில். தெரு மட்டத்திலிருந்து ஏழெட்டுப் படி ஏறினால்தான் கட்டடத்தின் வாசல் வரும். மேடான நிலம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். காய்கறிப் பையோடு ஏறிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஒரு நாள் உதவப் போய், பேச்சுவாக்கில் இந்த மேட்டைப் பற்றிக் கேட்டேன். அவர் படியில் நின்று காலால் தரையைத் தட்டிக் காட்டினார். "இதற்குக் கீழே கெட்டோ" என்றார்.

அள்ளி முடிக்க முடியாத அளவு இடிபாடு இருந்ததால், போகதான் லாகெர்ட் என்ற கட்டடக் கலைஞர் அந்தக் குவியல்களின் மேலேயே குடியிருப்பை எழுப்பினார். உடைந்த செங்கல்லையே அரைத்துக் காங்கிரீட்டில் கலந்து சுவர் கட்டினார்கள். பல மாதம் நான் அதன் மேல் படுத்துத் தூங்கியிருக்கிறேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இங்கே அடையாளச் சின்னம் எதுவும் கண்ணில் படவில்லையே என்று போய்விடாதீர்கள். புல்மேடுகளையும் படிகளையும் பாருங்கள். போலந்து யூதர்களின் வரலாற்றைச் சொல்லும் போலின் அருங்காட்சியகம் இதே பகுதியில்தான். நடைபாதையில் கெட்டோ மதில் ஓடிய தடத்தை உலோகப் பட்டையில் பதித்திருக்கிறார்கள், குனிந்து படியுங்கள். மீவா தெரு 18இல் போராளிகளின் பதுங்குகுழி இருந்த இடத்தில் ஒரு மண்மேடும் கல்லும் இருக்கும். பலருடைய உடல்கள் இன்னமும் அதற்குள்ளேயே இருக்கின்றன. அதன் மேல் உட்கார்ந்து படம் எடுக்க வேண்டாம்.

கிழமை பார்க்காமல் வருவது

திங்கள் அரண்மனை விடுமுறை. செவ்வாய் எழுச்சி அருங்காட்சியகமும் போலினும் விடுமுறை. அந்த இரண்டு நாளுக்கு மட்டும் வந்து போனவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

ஆற்றைக் கடக்காமல் திரும்புவது

ஆற்றின் வலதுகரையில் இருக்கும் பிராகா என்ற பகுதி பெரும்பாலும் தப்பியது. போருக்கு முந்தைய வார்சா எப்படி இருந்தது என்று பார்க்க ஒரு மாலை அங்கே நடந்துவிட்டு வாருங்கள்.

ஆகஸ்ட் 1, மாலை 5 மணி

எழுச்சி தொடங்கியதை நினைத்து ஒவ்வொரு வருடமும் இந்த நேரத்தில் சைரன் ஒலிக்கும். பேருந்து, டிராம், நடப்பவர்கள் எல்லோரும் ஒரு நிமிடம் நிற்பார்கள். நீங்களும் நில்லுங்கள்.