பழைய ஒற்றை நிற மானிட்டரில் இன்றைய கணினியின் படத்தைக் கொண்டுவருவது எப்படி?

பச்சை எழுத்து ஒளிரும் பழைய மானிட்டர் ஒன்று கைக்குக் கிடைத்ததும், பொருந்துகிற கேபிளைத் தேடத்தான் மனம் பரபரக்கும். அதற்கு முன் மானிட்டரின் பின்புறத்தைப் பார்த்து, அது எந்த வகைச் சிக்னலை எதிர்பார்க்கிறது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். துளையில் செருகி பொருந்திவிட்டது என்பதாலேயே சிக்னலும் பொருந்திவிடாது.

வட்டமான ஒற்றை ஆர்சிஏ துளை இருந்தால், பெரும்பாலும் அது காம்போசிட் மானிட்டர், அதாவது படத்தின் தகவல் முழுவதையும் ஒரே கம்பியில் பெறுவது; ஏறத்தாழ 1 வோல்ட் அளவுள்ள சிக்னலும் சுமார் 15.7 கிலோஹெர்ட்ஸ் கிடைமட்ட அதிர்வெண்ணும் (நொடிக்கு வரையப்படும் வரிகளின் எண்ணிக்கை) அதற்குப் போதும். ஒன்பது பின் கொண்ட துளை இருந்தால் நிதானம் தேவை. 1981இல் வெளிவந்த ஐபிஎம் 5151 மானிட்டர் 18.432 கிலோஹெர்ட்ஸ் கிடைமட்ட அதிர்வெண்ணிலும் 50 ஹெர்ட்ஸ் செங்குத்து அதிர்வெண்ணிலும் (நொடிக்குத் திரை முழுதும் வரையப்படும் தடவைகள்) இயங்குவது. அதே வடிவத் துளை கணினிக்குள் செருகும் அக்காலச் சிஜிஏ வண்ணப்பட அட்டையிலும் இருந்தது, ஆனால் அதன் அதிர்வெண் வேறு. 5151இன் கிடைமட்டச் சுற்று வெளியிலிருந்து வரும் ஒத்திசைவுத் துடிப்பையே (ஒவ்வொரு வரியும் எப்போது தொடங்க வேண்டும் என்று சொல்லும் சிக்னல்) நம்பியிருப்பதால், தவறான துடிப்பைக் கொடுத்தால் உள்ளிருக்கும் பாகங்கள் கருகிவிடக்கூடும். ஆகவே இவ்வகை மானிட்டருடன் விஜிஏ கம்பிகளை நேராகச் சேர்த்து ஒட்டும் முயற்சி வேண்டாம். விஜிஏ தொடங்குவதே 31.5 கிலோஹெர்ட்ஸில்தான். உரிய துடிப்பை உருவாக்கித் தரும் மைக்ரோகண்ட்ரோலர் சுற்று ஒன்றை இடையில் வைத்தாக வேண்டும்.

இனிக் காம்போசிட் மானிட்டரைப் பார்ப்போம். எச்டிஎம்ஐ சிக்னலைக் காம்போசிட்டாக மாற்றும் சிறு பெட்டி எளிய வழி. எதிர்த்திசையில் மாற்றும் பெட்டியும் பார்க்க இதேபோல் இருக்கும் என்பதால், வாங்கும்போதே அதன் மேல் அச்சிட்டிருக்கும் திசையைப் படித்துவிடுங்கள். ஆயினும் எழுத்துகளைப் படிக்கத்தான் மானிட்டர் என்றால், காம்போசிட் வெளியீட்டைத் தானே கொண்ட ராஸ்பெர்ரி பை கணினியையே நான் பரிந்துரைப்பேன். நான்காம் தலைமுறை ராஸ்பெர்ரி பையில் இந்த வெளியீடு தொடக்கத்தில் அணைக்கப்பட்டிருக்கும். அமைப்புக் கோப்பில் அதை இயக்கிவிட வேண்டும். அதன் 3.5 மில்லிமீட்டர் துளையில் செருகும் கேபிளின் முனையில் நான்கு உலோகப் பகுதிகள் உண்டு: நுனியிலிருந்து இடது ஒலி, வலது ஒலி, தரை, வீடியோ என்பது பையின் வரிசை. சில கேபிள்களில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும். அப்போது படமே வராது. மல்டிமீட்டரால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டால் அந்தக் குழப்பம் தீரும்.

பலரும் தவறவிடுவது வண்ணக் குறிப்பலையை (சிக்னலில் நிறம் உண்டு என்று தொலைக்காட்சிக்குக் காட்டும் சிறு அலை) நிறுத்தும் அமைப்பு. காம்போசிட் சிக்னலுக்குள் நிறத்தைச் சுமக்கும் துணை அலை ஒன்று (என்டிஎஸ்சி தொலைக்காட்சி முறையில் 3.58 மெகாஹெர்ட்ஸ், PAL முறையில் 4.43 மெகாஹெர்ட்ஸ்) கலந்தே வருகிறது. வண்ணத் தொலைக்காட்சி அதை வடிகட்டிவிடும். ஒற்றை நிற மானிட்டரோ அதையும் படமாகவே வரைவதால், எழுத்தின் ஓரங்களில் நுண்ணிய புள்ளிகள் ஊர்கின்றன. குறிப்பலையை நிறுத்தி, கூடவே நிறமற்ற கறுப்பு வெள்ளைத் திரையமைப்பைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் புள்ளிகள் அடங்கி, எழுத்தின் மெல்லிய கால்கள் தனித்தனியாகத் தெரியும். இந்த ஒரு மாற்றம் தரும் தெளிவை விலை உயர்ந்த கேபிள் எதுவும் தந்ததில்லை. உங்கள் கருவியில் ஒளிர்வையும் நிறத்தையும் தனித்தனியாக அனுப்பும் எஸ்-வீடியோ வெளியீடு இருந்தால், அதன் ஒளிர்வுப் பின்னை மட்டும் எடுத்து மானிட்டருக்குக் கொடுத்தாலும் இதே பயன் கிட்டும்.

எழுத்துருவைப் பெரிதாக்குங்கள். மெல்லிய கிடைக்கோடுகள் துடித்தால், வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக வரையும் முறையைக் கைவிட்டு, வரிகள் பாதியாகக் குறையும் முற்போக்கு முறைக்கு மாறுங்கள்.

மின்சாரம் கொடுக்குமுன், மானிட்டரின் பின்புற ஒட்டுவில்லையில் 110 வோல்ட்டா, 230 வோல்ட்டா என்று கட்டாயம் பாருங்கள். மூடியைத் திறக்க வேண்டாம். படக்குழாயின் ஆனோடில் பல ஆயிரம் வோல்ட் இருக்கும், அணைத்த பிறகும் அது தங்கியிருக்கக்கூடும். படம் மேலும் கீழும் உருண்டால் செங்குத்துப் பிடிப்புத் திருகையும், சாய்ந்த கோடுகளாகச் சிதறினால் கிடைமட்டப் பிடிப்புத் திருகையும் மெதுவாகத் திருப்புங்கள். சுற்று சூடேறியதும் படம் சற்று நகரக்கூடும் என்பதால், கால் மணி நேரம் கழித்து இன்னொரு முறை சரிசெய்தால் அது நிலையாக நிற்கும். ஒரே எழுத்து நெடுநேரம் நின்றால் திரையின் ஒளிரும் பூச்சான பாஸ்பரில் அதன் தழும்பு பதிந்துவிடும். பயன்படுத்தாதபோது திரை தானே இருளும்படி கணினியில் அமைத்துவிடுங்கள்.