எஞ்சின் பற்றவில்லையா? ஈசியூவை மாற்றுமுன் ரிலேயின் சொக்கட்டைப் பாருங்கள்

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்காற்றுப் படும்படி நிற்கும் கார்களில், எஞ்சின் சுற்றியும் பற்றாத கோளாறு மாரி காலத்தில் அடிக்கடி தலைகாட்டுகிறது. கோட் பார்க்கும் கருவியில் பி0230 என்ற கோளாறு எண் தெரிந்ததும் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பழுதென்று முடிவு கட்டுகிறார்கள். எரிபொருள் பம்பியின் கட்டுப்பாட்டுச் சுற்றில் கோளாறு உண்டு என்பதற்கு மேல் அந்தக் கோட் எதையும் சொல்வதில்லை. பியூஸ், ரிலே (பம்பிக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் மின்காந்த சுவிட்ச்), வயர், ஈசியூ ஆகியவற்றுள் பிழை எதில் என்பதை நாம்தான் அளந்து அறிய வேண்டும்.

முதலில் திறப்பை 'ஒன்' நிலைக்குத் திருப்பிப் பின்னிருக்கையடியில் காது கொடுங்கள். பெரும்பாலான கார்களில் பம்பி ஏறத்தாழ 2 செக்கன் இரைந்து நின்றுவிடும். எஞ்சின் சுற்றும் சமிக்ஞை கிடைத்த பிறகே ஈசியூ அதை மீண்டும் இயக்கும். ஓசையே இல்லையெனில் பியூஸைப் பார்த்துவிட்டு ரிலேயைக் கழற்றுங்கள். 85, 86 ஆகிய கால்களுக்கிடையே 50 முதல் 120 ஓம் வரை காட்டினால் சுருள் நலமாக இருக்கிறது. 'டிக்' என்ற ஓசையை மட்டும் நம்ப வேண்டாம், உள்ளே தொடுமுனை கருகியிருந்தாலும் அந்த ஓசை வரும்.

அடுத்த படியில்தான் பலர் வழி தவறுகிறார்கள். சொக்கட்டில் மின்சாரம் வந்து சேரும் 30ஆம் துளையில் மல்ரிமீற்றர் 12 வோல்ற் காட்டுவதால் மின்சாரம் சரியாக வருகிறதென்று எண்ணிவிடக் கூடாது. மீற்றர் மிகச் சிறிய மின்னோட்டத்தையே எடுப்பதால், களிம்பேறிய முனையிலும் முழு வோல்ற்றளவைக் காட்டும். பம்பி பல அம்பியர் இழுக்கும்போதுதான் அந்த அளவு குறையும். ஆகவே, சிக்னல் லைற்றில் பூட்டும் 21 வாட்ஸ் பல்பை அந்தத் துளைக்கும் பொடிக்கும் (காரின் உலோக உடலுக்கும்) இடையே கொடுத்துப் பார்ப்பதையே நான் விரும்புகிறேன். என் காரில் மீற்றர் 12.4 காட்டிய இடத்தில் பல்ப் மங்கலாகவே எரிந்தது. சொக்கட்டின் தகட்டைச் சுற்றிப் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. முனையை மாற்றியதும் கோளாறு தீர்ந்தது.

அந்தப் பல்பை, ரிலேயின் சுருளை இயக்க ஈசியூவிலிருந்து சொக்கட்டுக்கு வரும் கட்டுப்பாட்டு வயரில் ஒருபோதும் தொடுக்காதீர்கள். அது 1.75 அம்பியர் அளவு இழுப்பதால், நல்ல ஈசியூவின் ட்ரான்சிஸ்டரையும் எரித்துவிடக்கூடும். அங்கே மீற்றர்தான் பாதுகாப்பு: சிவப்பு முனையைப் பற்றரியின் பிளஸிலும் கறுப்பு முனையை அந்த வயர் வரும் சொக்கட் துளையிலும் வைத்து, வேறொருவரைக் கொண்டு திறப்பைத் திருப்புங்கள். அந்த 2 செக்கனுக்குள் 12 வோல்ற் தெரிந்தால் ஈசியூ தன் வேலையைச் செய்கிறது. தெரியாவிட்டால் பற்றரியைக் கழற்றிவிட்டு, ஈசியூ வரையான வயரையும் அதன் பொடி இணைப்பையும் அளந்த பிறகே ஈசியூவைச் சந்தேகிக்கலாம்.

பிற்சேர்க்கை: தமது ரிலேயில் இந்த எண்கள் இல்லையென்று கிண்ணியாவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். டொயோட்டாவில் 1, 2 சுருளுக்கும் 3, 5 தொடுமுனைக்கும் உரியவை. சில ரிலேகளின் சுருளுக்குக் குறுக்கே டயோட் (ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடும் பாகம்) இருப்பதால், வெளியே எடுத்து 12 வோல்ற் கொடுத்துச் சோதிக்கும்போது பிளஸ், மைனஸ் மாறக் கூடாது.