நீச்சல் குள ஸ்கிம்மரை நாமே மாற்றுவது எப்படி: குமரி மாவட்டத்துக் காங்கிரீட் குளங்களுக்கு

ஸ்கிம்மர் என்பது குளத்துச் சுவரில் பதித்த பெட்டி. மேலே மிதக்கும் சருகோடு தண்ணீரை வாய் வழியாக வாங்கிப் பம்புக்கு அனுப்பும். பம்பை நிறுத்திய பிறகும் தண்ணீர் இறங்கி, ஸ்கிம்மர் வாயின் அடிமட்டத்துக்கு வந்ததும் நின்றுவிட்டால் சந்தேகம் ஸ்கிம்மர் மேல்தான். ஆனாலும் உடனே குளத்தைச் சுற்றியுள்ள தளத்தை உடைக்க வேண்டாம். முதலில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் எடுத்து, குளத்துப் படியில் பாதி மூழ்கும்படி வையுங்கள். உள்மட்டம், வெளிமட்டம் இரண்டையும் குறித்துவிட்டு 24 மணி நேரம் விடுங்கள். இரண்டும் ஒரே அளவு குறைந்தால் அது வெயிலும் காற்றும் குடித்த தண்ணீர். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் இந்த இழப்பு நன்றாகவே தெரியும், அதைக் கசிவு என்று எண்ணிவிடக் கூடாது.

கசிவுதான் என்று உறுதியானால், எங்கே என்று பார்க்க வேண்டும். வாய்க்கும் காங்கிரீட்டுக்கும் இடையிலுள்ள இணைப்புக்கு அருகில், பம்ப் ஓடாத நேரத்தில், ஊசிக்குழலில் மையெடுத்து மெதுவாக விடுங்கள். மை உள்ளே இழுபட்டால் இணைப்பில் பிளவு. அதற்கு இரண்டு பாக எபோக்சி புட்டி போதும், ஸ்கிம்மரை மாற்றத் தேவையில்லை. மை அப்படியே நின்றால், குளத்து மட்டத்தை வாய்க்குக் கீழே இறக்கி, ஸ்கிம்மர் அடியிலுள்ள துளைகளை ரப்பர் அடைப்பானால் அடைத்து, உடலுக்குள் தண்ணீர் ஊற்றிக் குறியிடுங்கள். மறுநாள் குறைந்திருந்தால் உடலில் விரிசல். குறையவில்லை என்றால் குழாயைச் சோதிக்க வேண்டும். உடலில் விழுந்த விரிசலை உள்ளிருந்து ஒட்டுவது நீடிக்காது, ஏனென்றால் அதை உடைத்த விசை அப்படியே வெளியே இருக்கிறது.

அந்த விசை என்ன என்று தெரியாமல் புதியதை வைத்தால் அதுவும் உடையும். குளிர் நாட்டுக் கையேடுகள் பனி உறைவதைக் காரணம் சொல்லும். நமக்கு அது பொருந்தாது. இங்கே அடியில் இறுகாத மணல் இறங்கி, குழாய் உடலைக் கீழே இழுக்கிறது. இடைவெளி விடாமல் போட்ட தளம் வெயிலில் விரிந்து உடலை நெருக்குகிறது. உப்புக் காற்றில் துருவேறிய கம்பி பருத்து, வாயைச் சுற்றியுள்ள காங்கிரீட்டைப் பிளக்கிறது. தென்னை வேர் வந்து தள்ளுவதும் உண்டு. தோண்டும்போது இவற்றில் எது என்று கண்டுபிடித்துவிட வேண்டும்.

வேலைக்கு நல்ல காலம் மாசி, பங்குனி. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் ஆனி முதல் கார்த்திகை வரை குழி தோண்டினால் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். எந்தக் காலமானாலும் குளத்தை முழுவதும் காலி செய்யாதீர்கள். மணக்குடிக் காயலோரமும் சுசீந்திரம், தேரூர் வயலோரமும் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் இடங்கள். வெறும் குளத்தை அந்த நீர் அடியிலிருந்து தூக்கி, தரையைப் பிளந்துவிடும். வாய்க்குக் கீழே 30 செ.மீ. இறக்கினால் போதும். பம்பின் மின்சாரத்தை மெயினிலேயே துண்டித்துவிடுங்கள். கிரைண்டருக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள இணைப்பு இல்லாமல் ஈரத்தில் நிற்கக் கூடாது.

தளத்தில் ஸ்கிம்மரின் ஒவ்வொரு பக்கமும் 30 செ.மீ. தள்ளிக் கோடு போட்டு, டைமண்ட் பிளேடால் அறுத்த பிறகே உளி வையுங்கள். அறுக்காமல் உடைத்தால் பக்கத்து டைல்களும் சேர்ந்து போகும். வாய்க்கு மேலுள்ள விளிம்புக் கல்லை ஒன்று கழற்றிவிடுவதே நல்லது. அதைக் காப்பாற்ற அடியில் குடைந்தால் பின்னால் காங்கிரீட் முழுதாக நிரம்பாது. உடலைச் சுற்றி, அதன் அடிக்கு 15 செ.மீ. கீழ்வரை தோண்டுங்கள். குழாயை உடலுக்கு ஒட்டி அறுக்காமல், நேரான துண்டு 10 செ.மீ. ஆவது மிச்சம் வைத்து அறுங்கள். வாயைச் சுற்றிச் சுவரை 4, 5 செ.மீ. அகலப்படுத்தும்போது கம்பி தென்பட்டால் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தெடுத்து, துத்தநாக பிரைமர் அடியுங்கள். அறுபட்ட முனை 5 செ.மீ. காங்கிரீட்டுக்குள் இருக்க வேண்டும்.

அடுத்து குழாய் அளவு. பெரும்பாலோர் இடறுவது இங்கேதான். கடையில் 2 இஞ்ச் என்று கேட்டால் இரண்டு வகை தருவார்கள். விவசாயக் குழாயின் வெளிவிட்டம் 63 மி.மீ., ஷெட்யூல் 40 குழாயின் வெளிவிட்டம் 60.3 மி.மீ. ஒன்றின் கப்ளிங் மற்றதற்குச் சேராது. சூடாக்கி விரித்து ஏற்றினால் சுவர் மெலிந்து, பம்ப் இழுக்கும்போது காற்று உள்ளே போகும். பழைய துண்டைக் காலிப்பரால் அளந்து, அதையே கையில் எடுத்துக்கொண்டு நாகர்கோவில் கடைக்குப் போங்கள். மரையிலும் இதே சிக்கல் உண்டு. 2 இஞ்சில் பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் முறை) மரைக்கு இஞ்சுக்கு 11 புரி, என்.பி.டி. (அமெரிக்க முறை) மரைக்கு 11.5 புரி. ஒன்றில் மற்றதை மாட்டினால் இரண்டு மூன்று சுற்று நன்றாகப் போய்ப் பிறகு இறுகும். இன்னும் முறுக்கினால் ஸ்கிம்மர் அடி பிளந்துவிடும். சரியான மரையில் டெஃப்லான் டேப் 5, 6 சுற்று சுற்றி, கையால் இறுக்கிய பிறகு ஒன்று, ஒன்றரைச் சுற்று போதும். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் உடலின் மரையில் பெட்ரோலியம் கலந்த பைப் பேஸ்ட் தடவக் கூடாது, பிளாஸ்டிக்கை அரித்துவிடும். பயன்படாத துளையை மரை அடைப்பானால் மூடுங்கள்.

குழி அடியை இடித்து இறுக்கி, 10 செ.மீ. கனத்துக்குக் காங்கிரீட் படுக்கை போட்டு, இறுகிய பிறகு அதன்மேல் உடலை உட்கார வையுங்கள். குளத்தின் வழக்கமான நீர்மட்டம் வாயின் நடுவில் வர வேண்டும். உடல் தாழ்ந்தால் வாயில் ஆடும் தட்டு மூழ்கிச் சருகு உள்ளே வராது, உடல் உயர்ந்தால் பம்ப் காற்றை இழுக்கும். குறுக்கே ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சாய்ந்திருந்தால் தட்டு ஒருபக்கம் உரசும். மூடி, டைல் போட்ட பிறகான தளமட்டத்துக்குச் சமமாக இருக்கும்படி இப்போதே கணக்கிட்டு, குறைந்தால் உயரத்தைக் கூட்டும் கழுத்துத் துண்டைச் சேருங்கள்.

குழாயை ஒட்டும் பி.வி.சி. பேஸ்ட் (சால்வென்ட் சிமெண்ட்) இல்லாமல் ஒருமுறை பொருத்திக் குறியிட்டு, பிறகு பி.வி.சி. பிரைமர், இரு பக்கமும் அந்தப் பேஸ்ட், கால் சுற்று திருப்பி அரை நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் பேஸ்ட் சேருமுன் உலர்ந்துவிடும் என்பதால் காலையில் செய்யுங்கள். 24 மணி நேரம் கழித்து, பம்ப் பக்க வால்வை மூடி, வாய்க்குக் கீழ் வரை தண்ணீர் ஊற்றிக் குறியிட்டு இன்னும் ஒரு நாள் விடுங்கள். இந்தச் சோதனைக்கு முன் உடலைச் சுற்றி ஒரு சட்டி காங்கிரீட்கூட விழக் கூடாது. காங்கிரீட் மூடிய இணைப்பு கசிந்தால் முழு வேலையும் முதலிலிருந்துதான். வேகமாக முடியும் என்று கம்ப்ரசர் காற்றை ஏற்றிச் சோதிக்கவும் கூடாது, பி.வி.சி. வெடித்துச் சிதறும்.

காங்கிரீட் 1:1½:3 (சிமெண்ட், மணல், சல்லி), சல்லி 12 மி.மீ. ஒரு மூட்டை சிமெண்ட் சுமார் 0.12 கன மீட்டர் தரும். உடலைச் சுற்றி 10 செ.மீ. கனத்துக்கு அது ஏறக்குறைய சரியாகிவிடும். ஒரு மூட்டைக்குத் தண்ணீர் 25 லிட்டரைத் தாண்டக் கூடாது. கடற்கரை மணல் அறவே வேண்டாம், அதன் உப்பு கம்பியை மறுபடி அரிக்கும். எம்-சாண்ட் போதும். பழைய முகப்பைக் கொத்திக் கழுவி, ஈரம் இருக்கும்போதே எஸ்.பி.ஆர். லேடெக்ஸும் சிமெண்டும் கலந்த குழம்பு பூசி, உலருமுன் காங்கிரீட் போடுங்கள். அதற்கு முன் வாய்க்குள் அதே அளவு பிளைவுட் துண்டு செருகி, உடலில் தண்ணீர் நிரப்பி, மூடியை வைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஈரக் காங்கிரீட்டின் பாரத்தில் வாய் உள்ளே வளைந்து, தட்டு சிக்கிக்கொள்ளும். கம்பியால் குத்தி, அடியிலும் மூலையிலும் காற்று நிற்காமல் இறக்குங்கள். ஈரச் சாக்கு போட்டு 7 நாள் நனையுங்கள். காற்று அடிக்கும் நாளில் சாக்கின்மேல் பிளாஸ்டிக் தாளும் வேண்டும்.

மேல்தளத்துக்கும் உடலுக்கும் நடுவே 10 மி.மீ. இடைவெளி விட்டு, ஃபோம் வைத்துப் பாலிசல்ஃபைடு சீலண்ட் நிரப்புங்கள். முன்பு உடலை நெருக்கிய தளம் இனி நெருக்காது. வாய் விளிம்பை 80 எண் உப்புத்தாளால் தேய்த்து எபோக்சி புட்டி வைத்து, டைல் இடுக்கையும் எபோக்சியால் அடையுங்கள். திருகுகள் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், 304 நம் கடற்காற்றிலும் குளோரினிலும் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

தண்ணீரை வாயின் நடுமட்டம் வரை நிரப்பி, வால்வைத் திறந்து பம்பை ஓட்டுங்கள். தண்ணீர் திரும்பி வரும் துளைகளில் முதல் சில நிமிடம் குமிழி வருவது இயல்பு. அதன் பிறகும் நிற்காவிட்டால் எங்கோ காற்று உள்ளே போகிறது: நீர்மட்டம், பம்ப் மூடியின் ரப்பர் வளையம், வால்வுத் தண்டு என்ற வரிசையில் பாருங்கள். புதிய இணைப்பு நீங்கள் ஏற்கெனவே சோதித்தது, அதைக் கடைசியில் பார்த்தால் போதும்.